கீழே சொட்டினால் நல்லது

"ஹட்டன்ல இருந்துகிட்டு காருக்கு ஏசி ஒரு கேடா?"

அப்பா பழைய கார் ஒன்றை வாங்கிய நாளிலிருந்து எங்கள் லயத்தில் இதைக் கேட்காத ஆள் இல்லை. கேள்வியில் நியாயமும் இருக்கு. ஜூன் மாதத்தில் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போடுகிற ஊரில் யாருக்கு ஏசி வேணும்? நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ரெண்டு மழைக்காலம் அந்தக் காரில் போய்வந்த பிறகுதான் விளங்கியது: மலையில் ஏசி தேவைப்படுவது உடம்புக்கு இல்லை, கண்ணுக்கு.

மழை நாளில் நாலு பேர் ஏறி ஷட்டரை ஏத்தினால் அஞ்சு நிமிஷத்தில் முன் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகிவிடும். எங்கள் மூச்சிலும் நனைந்த உடுப்பிலும் இருக்கிற ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் போய்ப் படிகிறது. துணியால் துடைத்தால் அடுத்த வளைவு வரைக்கும் தாங்கும். ஏசியைப் போட்டு, கூடவே சூட்டையும் திறந்து, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் கொஞ்ச நேரத்தில் ரோடு தெரியும். ஏசி காற்றில் இருக்கிற ஈரத்தை எடுத்துவிடுகிறது, சூடு அந்தக் காற்றை இன்னும் காயவைக்கிறது. ஒரு பக்கம் மண்மேடும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கிற எங்கள் ரோடுகளில் இதை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது.

அப்பா தோட்டத்து ஸ்டோரில் இருபது வருஷத்துக்கு மேல் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவர். விலகியதும் கிடைத்த ஈபிஎப் காசில்தான் கார் வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய காருக்கெல்லாம் தங்க விலை. எங்களுக்குக் கிடைத்தது எங்களை விட வயதில் மூத்தது. அதில் அப்பா ஹயர் ஓடுகிறார். ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு, எல்லாத்துக்கும் மேலாக கட்டுநாயக்கவுக்கு. எங்கள் பக்கத்திலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் ராத்திரியில்தான் புறப்படுவார்கள்.

போன வருஷம் மே மாதம் ஒரு நல்ல விஷயம் நடந்ததாக நினைத்துச் சந்தோஷப்பட்டோம். அதுவரைக்கும் ஏசி போட்டு ஓடிவிட்டு நிறுத்தினால் காருக்கு அடியில் இடது பக்கமாகத் தண்ணி சொட்டும். சிமெந்துத் தரையில் ஒரு தட்டு அகலத்துக்கு ஈரம் பரவும். "கார் ஒழுகுதுங்க" என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். மே மாதக் கடைசியில் அந்தச் சொட்டு நின்றுவிட்டது. தானாகவே சரியாகிவிட்டது என்று நினைத்தோம். அதுதான் நாங்கள் செய்த பிழை.

ஜூன் நடுவில் பக்கத்து லயத்து அக்கா ஒருவர் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். விமானம் விடியக்காலை. ராத்திரி எட்டு மணிக்கே புறப்பட்டோம். முன் சீட்டில் அக்கா, பின்னால் அவரின் அம்மாவும் நாங்கள் ரெண்டு பேரும். திரும்பி வரும்போது அப்பா தூங்காமல் இருக்கப் பேச்சுத்துணை வேணும், அதுக்குத்தான் நாங்கள் போவது. அக்கா தன் கைப்பையை மடியில் வைத்திருந்தார். கினிகத்தேனை தாண்டியதும் கால்களுக்கு நடுவில் இறக்கி வைத்தார். பாஸ்போர்ட், டிக்கெட், வேலை ஒப்பந்தம், பணியகத்துப் பதிவுத் தாள் எல்லாம் அதுக்குள்ளேதான்.

வட்டவளையில் மழையும் பனியும். கண்ணாடிக்காக ஏசி ஓடியது. கித்துல்கலைக்கு இறங்கியதும் புழுக்கம், அதனால் ஏசி தொடர்ந்து ஓடியது. யட்டியாந்தோட்டை தாண்டி ரோடு சமமாகி, அப்பா வேகத்தைக் கூட்டி ஒரு வளைவில் திருப்பும்போது டெஷ்போர்டுக்கு அடியில் யாரோ ஒரு கோப்பையைக் கவிழ்த்த மாதிரிச் சத்தம்.

"மாமா, கால் நனையுதே" என்றார் அக்கா.

மழைத் தண்ணி என்று நினைத்து அப்பா கதவை இழுத்துச் சாத்தச் சொன்னார். அடுத்த வளைவில் இன்னொரு கோப்பை. அக்காவுக்குப் பை ஞாபகம் வந்து தூக்கிப் பார்த்தபோது அடிப்பக்கம் முழுக்க ஊறியிருந்தது.

அவிசாவளையில் திறந்திருந்த ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் பழைய பத்திரிகைகளை எடுத்துக் கொடுத்தார். மேசையில் விரித்து ஒவ்வொரு தாளாகப் பிரித்தோம். ஒப்பந்தத்தின் ரெண்டு பக்கம் ஒட்டிப் போயிருந்தது. நீல மையில் போட்ட கையெழுத்து ஒன்று கலங்கி வால் விட்டிருந்தது. பாஸ்போர்ட்டின் ஓரங்கள் ஊதியிருந்தன. அப்பா ஏசியை நிறுத்தி, சூட்டை முழுக்கத் திறந்து, காற்று வரும் வாயில் ஒவ்வொரு தாளையும் பிடித்துக் காயவைத்தார். அவருடைய கை நடுங்கியதை நாங்கள் அன்றைக்குத்தான் பார்த்தோம். அக்கா ஒன்றும் பேசவில்லை. அவரின் அம்மாதான், "தண்ணி பட்டா நல்ல சகுனந்தான் பிள்ள, அழுவாத" என்றார். அழுதது அவர்தான்.

விமான நிலையத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தோம். கவுண்டரில் இருந்தவர் பாஸ்போர்ட்டை ரெண்டு தரம் திருப்பிப் பார்த்தார், எழுந்து போய் இன்னொருவரிடம் காட்டினார். அந்த நாலைந்து நிமிஷமும் அப்பா தூணில் சாய்ந்து நின்றார். பிறகு முத்திரை விழுந்தது. அக்கா திரும்பிக் கை காட்டிவிட்டுப் போனார்.

திரும்பும்போது தண்ணிக்குப் பயந்து அப்பா ஏசியே போடவில்லை. கினிகத்தேனை ஏறியதும் கண்ணாடி மூடத் தொடங்கியது. அன்றைக்கு வழக்கத்தை விட மோசம். ஊறிய கார்பெட்டிலிருந்தும் ஈரம் எழும்பிக்கொண்டிருந்தது. ஷட்டரை இறக்கினால் மழை உள்ளே வந்தது. நாங்கள் ரெண்டு பேரும் மாறி மாறித் துடைத்தோம். வட்டவளைக்குக் கிட்ட எதிரே வந்த லொறியின் வெளிச்சம் கண்ணாடி முழுக்கப் பரவி ரோடு எந்தப் பக்கம் என்றே தெரியாமல் போனது. அப்பா ஓரமாக நிறுத்திவிட்டார். வெளிச்சம் வரும்வரை ஒரு மணித்தியாலம் அங்கேயே இருந்தோம்.

மறுநாள் ஒரு கராஜுக்குப் போனோம். அங்கிருந்த பாஸ் ஏசியைப் போட்டுப் பார்த்தார். "கேஸ் பிரச்சினை. டெஷ்போர்ட் முழுக்கக் கழட்டி, கூலிங் கொயில் எடுத்துக் கழுவி, கேஸ் புதுசாப் போடணும்" என்றார். 27,000 ரூபா கேட்டார். அப்போது அம்மாவின் நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டோம். இருபது பேர். ஒரு நாள்கூட அரைப்பேர் விழாமல் கொழுந்து எடுத்தால் இருபது நாள்.

அம்மா காரைத் தள்ளி வைத்துக்கொண்டே பார்த்தார். கார் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் லயத்துக்குள் தண்ணி வந்தால் எங்கே போய்ப் பார்க்கணும் என்று தெரியும்.

"முன்னாடி கீழ சொட்டுச்சில்ல? இப்ப சொட்டல. உள்ள வருது. அப்ப கான் அடைச்சிருக்கு. வேற என்ன?"

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கான் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மேட்டிலிருந்து வரும் தண்ணியை லயத்தைச் சுற்றி எடுத்துப்போகிற வாய்க்கால். மழைக்கு முன்னாடி வழித்துவிடவில்லை என்றால் மண்ணும் சருகும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். தண்ணி நிற்காது, அது சுவர் ஓரமாக வீட்டுக்குள் வரும். அப்போது கூரைத் தகரத்தை மாற்றினால் என்ன பிரயோசனம்?

அம்மா சொன்னதுதான் சரி. ஏசியின் வேலை எப்படி நடக்குது என்று பிறகு தேடிப் படித்தபோது அது இன்னும் தெளிவானது. கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு விஞ்ஞானம் ஓ/எல் பரீட்சையோடு முடிந்துபோன விஷயம். ஆனால் ஒடுங்குதல், பனிபடுநிலை எல்லாம் அந்தப் புத்தகத்திலேயே இருந்ததுதான். ஐஸ் போட்ட கிளாஸின் வெளிப்பக்கம் வேர்ப்பது போல, டெஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற கூலிங் கொயிலும் வேர்க்கிறது. காற்று அதன் மேல் போகும்போது அதிலுள்ள ஈரம் தண்ணியாகிக் கீழே இருக்கிற தட்டில் விழுகிறது. தட்டிலிருந்து விரல் பருமனில் ஒரு வடிகுழாய், எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கிற தகட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. கித்துல்கலை மாதிரி புழுக்கமான இடத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் வரைக்கும்கூடத் தண்ணி வரலாம். அத்தனையும் அந்தக் குழாய் வழியாகத்தான் இறங்கணும்.

காருக்கு அடியில் சொட்டியது கோளாறே இல்லை. ஏசி ஒழுங்காக வேலை செய்வதற்கு அதுதான் அடையாளம். அது நின்ற நாளில்தான் நாங்கள் பயந்திருக்க வேண்டும். இறக்கத்தில் போகும்போது தட்டில் தேங்கிய தண்ணி முன்பக்கமாகவே நின்றது. ரோடு சமமாகி வேகம் கூடியதும் பின்னுக்கு வந்து, வளைவில் விளிம்பைத் தாண்டி அக்காவின் பையில் கொட்டியது.

டவுனுக்குக் கீழே வாகனம் கழுவுகிற இடத்தில் ஒரு சிமெந்து ரேம்ப் இருக்கு. காரை அதில் ஏற்றி, ஹேண்ட் பிரேக் போட்டு, சில்லுக்குக் கல் வைத்து, எஞ்சின் ஆறும் வரை காத்திருந்தோம். ஜெக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகக் கூடாது, அதில் அப்பா கண்டிப்பு. அடியில் இடது பக்கம், எஞ்சினுக்குப் பின்னால் கறுப்பு ரப்பர் குழாயின் முனை தெரிந்தது. அதன் வாயில் மண்ணும் பாசி மாதிரி ஒரு வழுவழுப்பும் கெட்டியாகப் பிடித்திருந்தது.

கம்பியை விட வேண்டாம் என்றார் அங்கே வேலை செய்கிற அண்ணன். கூரான கம்பி உள்ளே தட்டையோ கொயிலையோ குத்திவிட்டால் அப்புறம் உண்மையிலேயே டெஷ்போர்டைக் கழட்ட வேண்டியதுதான். டயருக்குக் காற்றடிக்கிற குழாயை வைத்து வேகமாக அடிப்பதும் ஆபத்து, வடிகுழாய் உள்பக்கமாகக் கழன்றுவிடலாம். புல் வெட்டுகிற மெஷினுக்குப் போடுவார்களே, அந்த நைலோன் நரம்பில் ஒரு முழம் கொடுத்தார். அப்பா மெதுவாக உள்ளே விட்டு, திருகி, இழுத்தார். மூன்றாவது தரம் இழுத்தபோது பழுப்புத் தண்ணி அவருடைய முகத்திலேயே விழுந்தது. ஒரு போத்தலுக்கு மேல் இருக்கும். அழுகிய டர்பன்டைன் இலைத் துண்டுகளும் செம்மண்ணும் வந்தன. ஏசியைப் போட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்தோம். சொட்டு... சொட்டு... சிமெந்தில் விழுந்தது. அம்மாவுக்குப் போன் பண்ணி, "கான் தொறந்திருச்சு" என்றோம். செலவு, ரேம்ப் கூலி மட்டும்.

ஆனாலும் கராஜ்காரர் சொன்னதை முழுப் பொய் என்று சொல்ல மாட்டோம். கேஸ் குறைந்தாலும், காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டாலும் கொயில் உறைந்து ஐஸ் பிடிக்கும். ஏசியை நிறுத்தியதும் ஐஸ் உருகி உள்ளே வழியலாம். அப்படியானால் ஓட ஓடக் காற்று வருவது குறையும், குளிரும் குறையும். எங்கள் காரில் ரெண்டுமே குறையவில்லை. விலை குறைந்த காரணத்தை முதலில் பார்க்கவில்லை என்பதுதான் எங்கள் மனக்குறை.

காலடியில் தண்ணி கண்டால் முதலில் அது எந்தத் தண்ணி என்று பாருங்கள். ஏசி தண்ணி பச்சைத் தண்ணி மாதிரி இருக்கும், நிறமோ பிசுபிசுப்போ இருக்காது, ஏசி போட்டால்தான் வரும். ஏசியே போடாமல் மழை நின்ற பிறகு ஈரமாக இருந்தால் அது மழைத் தண்ணி. வைப்பருக்கு அடியில் இருக்கிற வடிகால் ஓட்டைகளை இலை அடைத்திருக்கலாம், கதவு ரப்பர் தேய்ந்திருக்கலாம். எங்கள் பக்கத்தில் மரத்தடியில் காரை நிறுத்துகிற எல்லாருக்கும் இது வரும். மூன்றாவதுதான் கவலைப்பட வேண்டியது. பச்சையோ சிவப்போ நிறம், விரலில் பிசுக்கு, இனிப்பான ஒரு வாடை, கண்ணாடியில் எண்ணெய் மாதிரிப் படலம் என்றால் அது கூலன்ட். ஹீட்டர் ஒழுகுது. தொடர்ந்து ஓட்டினால் எஞ்சின் சூடாகி நின்றுவிடும். அது நஞ்சு, நாய் பூனை நக்கவிடக் கூடாது.

குழாயைத் திறந்தால் வேலை முடிந்தது என்று நினைத்தோம், பாதிதான் முடிந்திருந்தது. கார்பெட் மேலே காய்ந்த மாதிரி இருந்தது, அழுத்தினால் தண்ணி வந்தது. அடியில் மெத்தை மாதிரித் தடித்த ஒரு விரிப்பு இருக்கு, அது ஸ்பொஞ்ச் போலக் குடித்துவைத்திருந்தது. அப்படியே விட்டால் பூஞ்சணம் பிடிக்கும், தகடு துருப்பிடிக்கும், அடியில் ஓடுகிற வயர் இணைப்புகள் பச்சை பூக்கும். எங்களுக்கு முக்கியமானது வேறொன்று: அந்த ஈரம் ராத்திரி ராத்திரி கண்ணாடிக்குத்தான் வரும்.

ஜூன் மாத ஹட்டனில் கார்பெட்டை எங்கே காயப்போடுவது? இங்கே அப்பாவின் ஸ்டோர் அனுபவம் உதவியது. கொழுந்து வாட்டும்போது அடியிலிருந்து பெரிய விசிறியால் காற்று அடிப்பார்கள். மழை நாளில் வெறும் காற்று பிரயோசனமில்லை. காற்றே ஈரத்தில் நிறைந்திருக்கும்போது இலையிலிருந்து எதை எடுக்கும்? அதனால் சூடான காற்றைக் கலப்பார்கள். ஈரத் துணி சுற்றிய வெப்பமானி ஒன்றும் சுற்றாதது ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத்தான் சூட்டைத் தீர்மானிப்பார்கள். "ஈரக் காத்துல ஈரம் காயாதுடா" என்று சொல்லி, அப்பா சீட்டைக் கழட்டி, விரிப்பை உருவிப் பிழிந்து, லயத்து அடுப்பு மேலே கம்பு கட்டித் தொங்கவிட்டார். காருக்குள் சூட்டையும் ஏசியையும் சேர்த்துப் போட்டு, ஒரு ஷட்டரை இரண்டு விரல் அளவு இறக்கி ஓடவிட்டார். மூன்று நாளானது. வாடை போக இன்னும் ஒரு வாரம்.

ஏசியின் வரலாற்றைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. 1902-ல் நியூயோர்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகம். காற்றின் ஈரத்தால் காகிதம் ஊதிச் சுருங்கி, வர்ணங்கள் இடம் தவறிப் பதிந்துகொண்டிருந்தன. அதைச் சரிசெய்யும் வேலை வில்லிஸ் கரியர் என்ற 25 வயது பொறியியலாளரிடம் வந்தது. குளிர்ந்த குழாய்கள் மேல் காற்றை அனுப்பி ஈரத்தை எடுத்தார். அதே ஆண்டின் கடைசியில் பிட்ஸ்பர்க் ரயில் மேடையில் மூடுபனிக்குள் நிற்கும்போதுதான் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அடுத்த யோசனை அவருக்கு வந்தது என்று சொல்வார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் அந்த மாதிரிப் பனிக்குள் நாங்கள் எத்தனையோ தரம் நின்றிருக்கிறோம், எங்களுக்கு ரயில் பிந்தியது மட்டும்தான் தெரிந்தது. மனிதர்களுக்குக் குளிர் கொடுக்க வந்த சாமான் இல்லை அது. காகிதத்தை ஈரத்திலிருந்து காப்பாற்ற வந்தது. எங்கள் காரில் அது ஒரு பெண்ணின் ஒப்பந்தத்தையே நனைத்துவிட்டது.

இப்போது மழைக்கு முன்னாடி ஒரு தரமும் மழை முடிந்து ஒரு தரமும் அந்தக் குழாயைப் பார்க்கிறோம். வைப்பருக்கு அடியில் இலை பொறுக்குவது எங்கள் வேலை. கீழ்நாட்டு ஹயர் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பா முதலில் குனிந்து அடியில் பார்ப்பார். ஈரம் இருந்தால்தான் உள்ளே வந்து தேத்தண்ணி கேட்பார். முன் சீட்டில் ஏறுகிற எல்லாரிடமும், "பைய மடியில வச்சுக்கங்க" என்று சொல்கிற பழக்கமும் வந்துவிட்டது. குழாய் சரியாகித்தான் இருக்கு, ஆனாலும் சொல்வார்.

அந்த அக்கா ஆகஸ்ட் மாதம் அவரின் அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தபோது நாங்களும் பக்கத்தில் இருந்தோம். அப்பா போனை வாங்கி, ரெண்டு மாசமாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டார். "ஒப்பந்தத்துல மை கலங்கினதுக்கு அங்க ஒண்ணும் சொல்லலியே பிள்ள?"

"அதெல்லாம் யாரும் பாக்கல மாமா" என்று சிரித்தார் அக்கா. பிறகு போனைத் திருப்பிப் பின்பக்கச் சுவரைக் காட்டினார். ஏசி குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணிக்கு அடியில் ஒரு நீல வாளி. அது நிறைந்ததும் முற்றம் கழுவ எடுப்பாராம்.

"இங்க நல்லா வெளியதான் சொட்டுது மாமா. நீங்க பயப்படாதீங்க."